பத்து விரலும் இரண்டு பலகையும்

விசைப்பலகையை நடுவில் வெட்டி, இரண்டு துண்டாக வைத்துக்கொண்டு பொட்டி தட்டும் ஆட்களை இப்போது பெங்களூர், புனே, ஹைதராபாத் பக்கம் ஆங்காங்கே பார்க்கலாம். இடக்கைக்கு ஒரு துண்டு, வலக்கைக்கு ஒரு துண்டு, நடுவே ஒரு ஒயர். அந்த இடைவெளியில் சிலர் காப்பி டம்ளரை வைத்திருப்பார்கள். பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உடைஞ்சு போச்சா?" இரண்டாவது, "எங்க வாங்கினீங்க?" வாங்கவில்லை, அவர்களே செய்தது என்று தெரிந்தால் மூன்றாவது கேள்வி தானாக வரும்: "எதுக்கு?"

புனேயில் உட்கார்ந்து தட்டும் நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன். அந்த "எதுக்கு?" கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வராது. நூற்றைம்பது வருடக் கதை அது. நம் ஆட்களும் அந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். பதிவு கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கொண்டு வாருங்கள் :-)

மில்வாக்கியில் ஆரம்பித்தது

1860களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸ் என்று ஒருவர் இருந்தார். அச்சுத் தொழில் தெரிந்தவர், பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தவர். கார்லோஸ் கிளிடன், சாமுவேல் சூல் என்ற இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து 1868ல் ஒரு தட்டச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த முதல் வடிவத்தில் விசைகள் பியானோக் கட்டைகள் மாதிரி இருந்தன. மாற்றி மாற்றிச் செய்து, 1873ல் இயந்திரம் ரெமிங்டன் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. ரெமிங்டன்காரர்கள் துப்பாக்கி செய்பவர்கள், தையல் மிஷினும் செய்து கொண்டிருந்தார்கள். 1874ல் தட்டச்சு மிஷின் கடைக்கு வந்தது. அதில் பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்க முடியும். ஷிஃப்ட் விசையும் சின்ன எழுத்தும் 1878ல்தான் வந்தன.

எழுத்துகளை ஏன் 'க்வெர்ட்டி' வரிசையில் அடுக்கினார்கள் என்பதற்கு நாம் எல்லோரும் கேட்ட விளக்கம் ஒன்று உண்டு: பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று மோதிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க. 2011ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொய்ச்சி யசுவோகா, மோட்டோகோ யசுவோகா இருவரும் இதை மறுத்து எழுதினார்கள். ஆரம்ப காலத்தில் இயந்திரத்தைப் பயன்படுத்திய தந்தி ஊழியர்களின் வசதிக்காகவே வரிசை மாறி மாறி வந்தது என்பது அவர்கள் வாதம். எது சரியோ, இரண்டிலும் ஒரு விஷயம் பொது. தட்டுகிறவரின் மணிக்கட்டு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

வரிசையை விடுங்கள், வடிவத்தைப் பாருங்கள். உங்கள் முன்னால் இருக்கும் விசைப்பலகையில் ஒவ்வொரு வரிசையும் மேல் வரிசையிலிருந்து கொஞ்சம் விலகி, படிக்கட்டு மாதிரிச் சாய்ந்திருக்கும். காரணம், பழைய மிஷினில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நீண்ட நெம்புகோல் உண்டு. ஒரு வரிசையின் நெம்புகோல்கள் அடுத்த வரிசையின் நெம்புகோல்களுக்கு நடுவே புகுந்து போக வழி வேண்டும். அதற்காகத்தான் அந்த விலகல். உங்கள் மடிக்கணினியில் ஒரு நெம்புகோல் கூட இல்லை. ஆனால் விலகல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. இந்த வடிவமும் வரிசையும் முடிவானபோது பத்து விரலால், பார்க்காமல் தட்டுவது என்ற வழக்கமே பரவியிருக்கவில்லை. அதைப் பிரபலமாக்கியவர் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஃபிராங்க் மெக்கரின். 1888ல் சின்சினாட்டியில் நடந்த போட்டியில் லூயிஸ் டிராப் என்பவரைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகுதான் தட்டச்சுப் பள்ளிகள் பத்து விரல் முறையைக் கையில் எடுத்தன. ஆக, பலகை முதலில் வந்தது. கை பின்னால் வந்து, பலகைக்குத் தக்கபடி தன்னை வளைத்துக்கொண்டது.

பம்பாய்க்குப் போன விரல்கள்

அந்த வளைந்த கைகளில் ஏராளமானவை தமிழ்க் கைகள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு பக்கமிருந்து பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிய தலைமுறையில் எத்தனை பேர் கையில் தட்டச்சும் சுருக்கெழுத்தும்தான் மூலதனம்! பெட்டியில் இரண்டு வேட்டி, ஒரு ஹையர் சர்டிஃபிகேட். மாட்டுங்காவிலும் கரோல் பாகிலும் கோயிலும் மெஸ்ஸும் பஜனை மண்டலியும் எழுந்ததற்குப் பின்னால் அந்த விரல்களின் சம்பாத்தியம் இருக்கிறது. 1966ல் சிவசேனா தொடங்கிய காலத்தில், பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய கோபத்தின் குறியும் இந்தக் குமாஸ்தா, ஸ்டெனோ, டைப்பிஸ்ட் வேலைகள்தான். விரல் சோறு போட்டது, அதே விரல் வேலைக்கு ஆபத்தும் வந்தது.

அந்தத் தலைமுறையில் மணிக்கட்டு வலி இல்லையா? இருந்தது. ஆனால் அதற்குப் பெயர் இல்லை. "வயசாச்சு, வாதம்" என்று நல்லெண்ணெய் தடவிக்கொண்டார்கள். எங்கள் உறவில் ஒரு பெரியப்பா, முப்பது வருடம் பம்பாயில் ஒரு அலுவலகத்தில் மிஷின் தட்டியவர், கடைசிக் காலத்தில் டபராவை இரண்டு கையாலும்தான் பிடிப்பார். தட்டச்சுதான் காரணமா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மிஷின் போய்க் கணினி வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. பழைய மிஷினில் வரி முடிந்தால் கையை எடுத்து உருளையைத் தள்ள வேண்டும். தாள் மாற்ற வேண்டும், கார்பன் வைக்க வேண்டும். நடுநடுவே கைக்கு ஓய்வு கிடைத்தது. கணினியில் அதுவும் இல்லை. 1980களில் ஆஸ்திரேலியாவில் தொலைபேசித் துறை உள்ளிட்ட அலுவலகங்களில் கைவலி என்று சொன்னவர்களின் எண்ணிக்கை திடீரென எகிறியது. உடலிலா, மனத்திலா என்று மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். வலித்தவர்களுக்கு வலித்தது.

தெரிந்தும் கிடைக்காத மருந்து

இதற்கு வழி யாருக்கும் தெரியாமல் இல்லை. இரண்டு கையையும் மேஜை மேல் சாதாரணமாக நீட்டிப் பாருங்கள். தோள் அகலத்துக்குத் தள்ளி நிற்கும். உள்ளங்கைகள் லேசாக ஒன்றையொன்று பார்க்கும். இப்போது அவற்றைச் சின்னப் பலகை மேல் கொண்டுவாருங்கள். முன்கை இரண்டும் உள்ளே வரும், மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்கும், உள்ளங்கை தரையைப் பார்க்கத் திருகும். பலகையை இரண்டாகப் பிளந்து தள்ளி வைத்தால் மடங்கல் போகும். கட்டைவிரல் பக்கத்தை உயர்த்திக் கூடாரம் மாதிரிச் சாய்த்தால் திருகல் குறையும். இவ்வளவுதான் விஷயம்.

இதை 1915லேயே ஃபிரெடரிக் ஹைட்னர் என்பவர் அமெரிக்கக் காப்புரிமையில் வரைந்துவிட்டார். 1926ல் ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் தட்டச்சு இயந்திரத்தைப் பற்றிய தன் புத்தகத்தில் பலகையைப் பிளக்கச் சொன்னார். 1972ல் கார்ல் குரோமர் சோதனைகள் செய்து அதையே மறுபடி சொன்னார். எழுத்து வரிசையை மாற்ற முயன்றவரும் உண்டு. 1936ல் ஆகஸ்ட் ட்வோராக், வில்லியம் டீலி இருவரும் உயிரெழுத்துகளை இடக்கைக்கும், அதிகம் புழங்கும் மெய்யெழுத்துகளை வலக்கைக்கும் கொடுத்து ஒரு வரிசைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1970களில் இங்கிலாந்தில் தட்டச்சுப் பயிற்சியாளர் லிலியன் மால்ட்டும் பொறியாளர் ஸ்டீபன் ஹாப்டேயும் சேர்ந்து மால்ட்ரான் செய்தார்கள். விரல்களின் நீளத்துக்கு ஏற்பக் குழிந்த இரண்டு கிண்ணங்கள், கட்டைவிரலுக்குத் தனிக் கொத்து. விரல்களிலேயே பலமான கட்டைவிரலுக்கு இடைவெளிப் பட்டையைத் தவிர வேறு வேலை கொடுக்காமல், இருப்பதிலேயே மெலிந்த சுண்டுவிரல் தலையில் ஷிஃப்டையும் என்டரையும் கட்டியது எவ்வளவு பெரிய அநியாயம் என்று காட்டிய பலகை அது.

1992ல் கினெசிஸ், 1993ல் ஆப்பிளின் விரியும் பலகை, 1994ல் மைக்ரோசாஃப்டின் நேச்சுரல் என்று வரிசையாக வந்தன. மைக்ரோசாஃப்ட் பலகை நன்றாக விற்றது. ஆனால் அது ஒரே துண்டு. எல்லாருடைய தோளும் ஒரே அகலம் என்று வைத்துச் செய்தது. உண்மையிலேயே இரண்டு துண்டாக, ஆளுக்கேற்ப அமைத்துக்கொள்ளும் பலகைகள் விலையில் எட்டாத உயரத்தில் இருந்தன. வலி பலருக்கு, மருந்து சிலருக்கு.

கடையில் இல்லாததைக் கையால் செய்தவர்கள்

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. 2010களின் ஆரம்பத்தில், விசைப்பலகைப் பித்துப் பிடித்த சிலர் இணையத்தில் கூடி எர்கோடாக்ஸ் என்ற பலகையை வடிவமைத்தார்கள். வரைபடம், மென்பொருள் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். அதில் ஒரு அழகான சிக்கனம் உண்டு. இடது பலகைக்கும் வலது பலகைக்கும் ஒரே சர்க்யூட் போர்டு, கவிழ்த்துப் போட்டால் மறுபக்கம். இரண்டு வடிவத்துக்கு ஆலையில் தனித்தனியாகக் காசு கட்ட வேண்டாம். 2013 வாக்கில் கூட்டுக் கொள்முதலில் உதிரிப் பாகங்களாகவே விற்றது.

ஏன் அப்போது? மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்தது. ஒன்று, 1980களிலிருந்து செர்ரி கம்பெனி செய்துவந்த ஸ்விட்சின் காப்புரிமை முடிந்து, சீனக் கம்பெனிகள் அதே அளவில் மலிவாகச் செய்யத் தொடங்கின. இரண்டு, கட்டைவிரல் அளவுக் கணினிகள் வந்தன. புரோ மைக்ரோ என்ற குட்டிப் பலகை தன்னை ஒரு யூஎஸ்பி விசைப்பலகையாகவே காட்டிக்கொள்ளும். சர்க்யூட் ஆலைகளும் ஐந்து பத்து பலகைக்குக்கூட ஆர்டர் எடுத்தன. மூன்று, மென்பொருள். ஜப்பானைச் சேர்ந்த ஜுன் வாக்கோ எழுதிய டிஎம்கே, அதிலிருந்து ஜாக் ஹம்பர்ட் வளர்த்த க்யூஎம்கே. எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு ஜப்பானில் ஒரு அலையே அடித்தது. ஹெலிக்ஸ், கார்னே, லில்லி58 என்று ஒன்றைப் பார்த்து ஒன்று. அவற்றைப் பார்த்துச் செக் நாட்டில் சோஃப்ளே. யாரும் யாரையும் திருட்டு என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் சாம்பார்ப் பொடி அளவு கை மாறிக் கை மாறிப் போவது மாதிரி, ஒவ்வொருவரும் தன் கைக்கு ஒரு சிட்டிகை கூட்டிக் குறைத்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். பல வருடமாக ஆய்வுக் கட்டுரையில் கிடந்த விஷயம் சாதாரண ஆள் மேஜைக்கு வந்தது இப்படித்தான்.

முதல்முறை செய்பவருக்கு

வேலை நினைப்பதைவிடச் சுலபம், ஆனால் நிதானம் வேண்டும். லில்லி58 வகையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 58 விசை, பாதிக்கு 29. ஒவ்வொரு விசைக்கும் தனி ஒயர் இழுத்தால் குட்டிக் கணினியில் கால் போதாது. அதனால் 5 வரிசை, 6 பத்தி என்று கட்டம் போட்டு, 11 இணைப்பிலேயே எல்லா விசையையும் கண்டுபிடிக்கிறார்கள். ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தினால் அழுத்தாத விசையும் அழுத்தியதாகத் தெரியும். அதைத் தடுக்க விசைக்கு ஒரு டயோடு, ஒரு வழிப் பாதை மாதிரி. டயோடின் ஒரு முனையில் கோடு இருக்கும், பலகையில் அச்சிட்ட குறியோடு அது பொருந்த வேண்டும். தலைகீழாக வைத்தால் அந்த விசை வேலை செய்யாது. 58 டயோடையும் வைத்து முடித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சில குறிப்புகள்:

எதையும் வாங்கும் முன், அந்தப் பலகையின் வரைபடத்தை நிஜ அளவில் அச்சிட்டு, மேஜையில் ஒட்டி, கையை வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் எட்டவில்லையா, கட்டைவிரல் மடங்குகிறதா என்று காகிதமே சொல்லிவிடும்.

ஸ்விட்சுகளைச் செருகி எடுக்கும் சாக்கெட் உள்ள போர்டை எடுங்கள். சத்தமான ஸ்விட்ச் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். (சொல்வார்கள்.)

புரோ மைக்ரோவில் பழைய மைக்ரோ யூஎஸ்பி வாய் பிய்ந்துவரும் என்று பெயர் எடுத்தது. சி வகை வாய் உள்ளதாகப் பாருங்கள்.

இரண்டு பாதியையும் இணைக்கும் ஒயர் ஹெட்போன் ஒயர் மாதிரி இருக்கும். கணினியோடு இணைப்பில் இருக்கும்போது அதைப் பிடுங்கவும் கூடாது, செருகவும் கூடாது. செருகும் வழியில் தொடுப்புகள் உரசி ஷார்ட் ஆகும். முதலில் யூஎஸ்பியைக் கழற்றுங்கள்.

சால்டரிங் சாமானுக்கு அலைய வேண்டாம். இங்கே புனேயில் புதவார் பேட், மும்பையில் லேமிங்டன் ரோடு, டெல்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, ஊருக்குப் போனால் இருக்கவே இருக்கிறது ரிச்சி தெரு. சன்னல் திறந்து வையுங்கள், குழந்தைகளைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

கை பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் வேகம் பாதாளத்துக்குப் போகும். ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முறையாகப் படித்தவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் எந்த எழுத்து எந்தக் கைக்கு என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. 'பி' எழுத்தை வலக்கையால் தட்டிப் பழகியவருக்கு, அந்த இடத்தில் மேஜைதான் இருக்கும்.

ஏற்கனவே விரல் மரத்துப் போகிறது, இரவில் வலிக்கிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிளந்த பலகை கையின் நிலையை நேராக்கும். அது சிகிச்சை ஆகாது. நேரத்துக்கு எழுந்து நடக்காதவருக்கு எந்தப் பலகையும் உதவாது.

உயிர் இடது, மெய் வலது

இப்போது ட்வோராக்குக்கு வருவோம். உயிர் இடக்கை, மெய் வலக்கை. இதை எங்கோ பார்த்த மாதிரி இல்லை?

தமிழைப் பொறியில் ஏற்றிய முதல் தலைமுறையில் முக்கியமானவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. ஆங்கிலத்துக்கென்று செய்த மிஷினில் நம் எழுத்துகளை அடக்கப் புள்ளிக்கும் விசிறிக்கும் நகராத விசைகள் வேண்டியிருந்தன. புலம்பெயர்ந்த ஒருவர் தன் மொழிக்காகப் பலகையைத் திருத்திய கதை அது. பிறகு கணினி வந்து, ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசை வரிசை என்று குழம்பிக் கிடந்தபோது, 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 வரிசை பிறந்தது. தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றது.

அதில் அ, இ, உ, எ இடக்கையின் நடு வரிசையில். க, ப, ம, த, ந வலக்கையின் நடு வரிசையில். வ, ங போன்ற சொற்ப விலக்கு தவிர, உயிர் இந்தப் பக்கம், மெய் அந்தப் பக்கம். தமிழ் இலக்கணமே மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்கிறது. ஆகவே கைகள் மாறி மாறித் தட்டும், ஒரே கை தொடர்ந்து உழைப்பது குறையும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'வணக்கம்' என்று ரோமன் முறையில் தட்ட எட்டு விசை, நடுவில் ஷிஃப்ட் வேறு. தமிழ்99ல் ஆறு விசை, ஷிஃப்ட் இல்லை. இ-கலப்பையும் முரசு அஞ்சலும் போட்டுக்கொண்டு ரோமன் முறையிலேயே பழகிவிட்ட நம்மில் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

இரண்டாகப் பிளந்த பலகையில் இது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. இடது துண்டு உயிர், வலது துண்டு மெய்! ஆங்கிலத்துக்குப் பிளந்த பலகை, நம் மொழிக்குத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்துகிறது.

ஒரே ஒரு சங்கடம். தமிழ்99ல் ச, ஞ இரண்டும் ஆங்கில 'பி'க்கு வலது பக்கம், சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. கார்னே மாதிரி 42 விசைப் பலகையில் இரண்டுக்கும் இடம் இல்லை. லில்லி58ல் அந்த இரண்டு விசையும் நடுப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நான் திறக்கும் அடைப்புக்குறியை 'பி'க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அங்கே இருந்த சிறுகோட்டை உள்ளே தள்ளிவிட்டேன். ச பழைய இடத்திலேயே வந்துவிட்டது. அவ்வளவாக வராத ஞ உள்ளே இருக்கிறது. மென்பொருளில் இரண்டு சொல் மாற்றும் வேலைதான். பலகை விசை எண்ணை மட்டும் அனுப்பும், அதைத் தமிழாக்குவது உங்கள் கணினி. தமிழ் படிக்கத் தொடங்கும் குழந்தை வீட்டில் இருந்தால், தமிழ் எழுத்து ஒட்டிய விசைமூடிகளைப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். உயிர், மெய் என்று வாயால் சொல்லிக் கொடுப்பதை விரல் தானே கற்றுக்கொள்ளும்.

"எதுக்கு?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். நெம்புகோலுக்காகச் செய்த பலகைக்கு மூன்று தலைமுறை தன் மணிக்கட்டைக் கொடுத்தது. வேறு வழி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்கு இன்றைக்கும் சோறு போடுவது அதே பத்து விரல்தான், வேலையின் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. பெரியவர்களுக்குக் கிடைக்காத வழி நமக்கு நாலு சனிக்கிழமை உழைப்பில் கிடைக்கிறது. செய்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் வலி என்பது வேலையோடு சேர்ந்து வருவது, பொறுத்துப் போக வேண்டியது என்று மட்டும் நம்பாதீர்கள். அது 1874ல் யாரோ மறந்துபோன ஒரு கணக்கு.